வேடமும் மெய்யும்

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் இரவு முழுதும் கூத்து நடைபெறும். விராட பருவம் ஆடப்படும் இரவில் வில்லேந்திய அருச்சுனன் பேடியாகி, பிருகந்நளை என்னும் பெயருடன் அரண்மனையில் நடனம் கற்பிக்கிறான். பாஞ்சாலியாக வருபவரும் பெரும்பாலும் ஆடவரே. அவர் புடவை உடுத்திச் சபை நடுவே கதறும்போது ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றனர். பொழுது விடிந்தபின் பேருந்து நிறுத்தத்தில் திருநங்கை ஒருவர் வந்து நின்றால், இரவில் அழுத அதே கண்கள் அவரை ஏளனமாய் நோக்குகின்றன. வேடத்தைக் கும்பிடுகிறவர்கள் மெய்யைக் கண்டு முகஞ்சுளிப்பது ஏன்? இவ்வினாவை மனத்திற்கொண்டு, திருநங்கையர் இருவரின் தன்வரலாற்று நூல்களையும் ஒருவரின் ஆடற்கலையையும் நோக்க விரும்புகிறோம்.

அ. ரேவதி நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். 2004இல் வெளியான 'உணர்வும் உருவமும்' என்னும் நூலில் தம்மைப் போன்ற பிறருடைய வாழ்க்கைகளையே அவர் தொகுத்தளித்தார். தம் கதையைச் சொன்ன நூல் 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், பின்னர் 'வெள்ளை மொழி' என்னும் பெயரில் தமிழிலும் வந்தது. அதிலுள்ள ஒரு நிகழ்ச்சி நம் வினாவின் ஆணிவேரைத் தொடுகிறது. மாரியம்மன் திருவிழாவிற் சிறுவனாயிருந்த அவர் குறத்தி வேடம் புனைகிறார். ஊரார் மெச்சுகின்றனர். அவ்வேடத்தைக் களைந்து மீண்டும் ஆணுடை தரிக்கும்போதுதான், இப்போதே தாம் வேடம் பூண்டதாக அவர் உணர்கிறார். ஊர் எதனை வேடம் என்றதோ அது அவருக்கு மெய். ஊர் எதனை மெய் என்றதோ அது வேடம். இத்துணைப் பெரிய செய்தியை ஆரவாரமின்றி, பேச்சுக்கு நெருங்கிய நடையில் சொல்லிக் கடந்துவிடுகிறார். தேர்ந்த எழுத்தாளரிடமும் இவ்வடக்கத்தைக் காண்பது அரிது.

குறத்தி என்றவுடன் நம்மவர்க்கு வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி நினைவுக்கு வரலாம். தலைவனைப் பிரிந்து உருகும் சீயோன் மகளின் குரலில் ஓர் ஆண்மகன் பாடியதை நம் சபைகள் இரு நூற்றாண்டுகளாகப் பழுதெனக் கருதியதில்லை. ஆழ்வார்கள் நாயகியாகி நின்று பாடியதையும் தமிழகம் பக்தியின் உச்சமென்றே கொண்டது. பாட்டில் இசைந்ததற்கு வாழ்க்கையில் இடமில்லாமற் போயிற்று.

ரேவதியின் நூலில் அண்ணன்மாரின் அடி உண்டு. காவலரின் கொடுமை உண்டு. தம் குழுவினரிடையே குருவுக்கும் சேலாவுக்கும் உள்ள உறவின் கண்டிப்பும் மறைக்கப்படவில்லை. தம்மைப் புனிதராக்கிக் காட்டவும் அவர் முயலவில்லை. பிற்காலத்தில் இதே கதையைத் தனி நடிகராக மேடையில் நடித்துக் காட்டினார். முன்பு ஊர் நடுவே குறத்தியாக நின்றவர், இப்போது தம் இளமைக் காலத்தையே ஒரு பாத்திரமாக்கிச் சபைமுன் நிறுத்துகிறார். இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றித் திறனாய்வாளர் இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இல் வெளிவந்தது. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் ஓடும் ரயிலிற் கைநீட்டிப் பிழைக்க நேர்ந்ததை அவர் சொல்லும்போது நகைச்சுவையும் சினமும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ரேவதியினும் இவர் நடை வேகமானது. அவ்வேகமே சிலவிடங்களிற் குறையுமாகிறது. காட்சி முற்றுமுன் வழக்குரைக்க வந்துவிடுகிறார். ஆயினும் தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்க வல்லவர் என்பது நூல் முழுதும் தெரிகிறது. இவர் பின்னர் தோழர்களோடு 'பன்மை' என்னும் நாடகக் குழுவை நிறுவியதில் வியப்பில்லை.

பகைமையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபைக்குக் குடவோலையிற் பெயரிடத் தகாதவர் இன்னாரென விரிவாக வகுத்துரைக்கிறது. கல்லில் எழுதப்படாத இன்னொரு தகாதவர் பட்டியல் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. கைப்பேசி வந்தபின் அப்பட்டியலுக்கு ஊரெல்லையும் இல்லாதொழிந்தது. திருநங்கை ஒருவர் ஆடும் படம் வெளிவந்த சில நாழிகைக்குள் முகமறியாதோரின் வசைகள் அதன்கீழ்க் குவிகின்றன. கூத்துக்களத்திற் கட்டியக்காரனின் பகடியும் சில வேளை கொச்சையானதே. எனினும் அவனுக்கு முகம் உண்டு, எதிரே நிற்பவர் அவனுக்கு விடை கூறலாம். முகமற்ற வசைக்கு யாரை நோக்கி விடையிறுப்பது?

இவ்வசையைக் கண்டிப்பது எளிது. பாராட்டைக் கண்டிப்பது கடினம். ஆனால் அதனையும் செய்ய வேண்டியிருக்கிறது. இந்நூல்களுக்கு வந்த மதிப்புரைகள் பலவற்றில் 'துணிச்சல்', 'கண்ணீர்', 'பரிதாபம்' ஆகிய சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நடை பற்றியோ அமைப்புப் பற்றியோ ஒரு சொல் இல்லை. சபையாராகிய நாமும் 'இரக்கம்' என்பதோடு நின்றுவிடுகிறோம். இரங்கத்தக்கவரிடம் நாம் கலையை எதிர்பார்ப்பதில்லை. வசைபாடுகிறவன் மேடையில் உடலை மட்டும் காண்கிறான். இரங்குகிறவர் காயத்தை மட்டும் காண்கிறார். கலைஞரை இருவருமே காணவில்லை.

இங்கே நர்த்தகி நடராஜின் வாழ்வு நமக்கு உதவுகிறது. மதுரையிற் பிறந்த இவர், தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் நெடுங்காலம் குருகுலவாசமாகப் பரதம் பயின்றார். நர்த்தகி என்னும் பெயரும் குரு இட்டதே. அப்பெருமகனார் இவர்மீது இரங்கியிருந்தால் சில நாள் சோறிட்டு அனுப்பியிருக்கலாம். அவர் செய்தது வேறு: அடவு பிசகினால் திருத்தும் மாணாக்கராகவே இவரை ஏற்றுக்கொண்டார். நாயகி பாவத்தைத் தமக்குரிய துறையாக்கிக்கொண்ட இவருக்கு 2019இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. திருநங்கை ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. விருதினும் பல்லாண்டுப் பயிற்சியையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். நம்பிக்கை என்னும் சொல்லைப் பிரசங்கங்களில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவர்பால் அது, உலகம் நாளை திருந்தும் என்ற எதிர்பார்ப்பாகத் தோன்றவில்லை. இன்று தட்டுக்கழியின் ஒலிக்கு ஆடிய அடவை நாளை இன்னும் செம்மையாக ஆட வேண்டும் என்னும் பிடிவாதமாகவே தோன்றுகிறது. அப்பிடிவாதத்தைக் கண்டு திருத்தவும் மெச்சவும் ஒருவரேனும் வேண்டும் என்பதும் உண்மை.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்துக் குருகுலம் ஒன்று நடந்தது. ஆடவர்க்கே உரியதென்றிருந்த அக்கலையை அங்கே சிறுமியரும் பயின்று ஆடினர். மரபு நொறுங்கிவிடவில்லை. யார் எவ்வேடம் பூணலாம் என்னும் கட்டுப்பாடு, கலைக்கு உள்ளேயிருந்தே தளரக்கூடும் என்பதற்கு இது நம் மாவட்டத்துச் சான்று.

கடைசியாக, நம் வேதாகமத்தைப் பற்றி ஒரு சொல். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெறும் எத்தியோப்பியரை மூலமொழி அண்ணகர் என்றே திரும்பத் திரும்பக் குறிக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர் 'மந்திரி' ஆகிவிட்டார். அண்ணகரும் திருநங்கையரும் ஒருவரே என்று நாம் கூற வரவில்லை. ஆனால் பதவி நின்றது, உடல் மறைந்தது. தலைமுறை தலைமுறையாக அப்பகுதியை வாசித்த சபையார்க்கு அவர் யாரென்றே தெரியாது.

நம் கல்லூரி நூலகத்தில் ரேவதியின் நூலும் வித்யாவின் நூலும் சமூகப்பணி அடுக்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தன்வரலாற்று அடுக்கிற்கு, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கும் வரிசைக்கு, மாற்றித் தருமாறு நூலகரைக் கேட்டிருக்கிறோம்.