வண்ணம்: செவிக்கும் கண்ணுக்கும்

ஓலைச்சுவடிக்கு நிறம் ஒன்றே. எழுத்தாணி கீறிய தடத்தில் விளக்குக்கரியைப் பூசித் துடைத்தால் மூலமும் உரையும் ஒரே கருமையில் தோன்றும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பிக்குமுன், மூலம் எது, உரை எது, மேற்கோள் எது எனப் பிரித்தறியவே பெரும்பாடு பட்டார். மூலத்துக்குப் பெரிய எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து என்னும் வசதி அச்சு வந்தபின் நிலைபெற்றது.

ஆயினும், கற்போன் கருத்தை ஓரிடத்தில் நிறுத்தும் கலையை நம்மவர் அறியாதிருந்தாரல்லர். அதனை ஓசையிடம் ஒப்படைத்தனர். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுக்கிறார். அவையனைத்தும் ஓசை வேறுபாடுகளே. நிறத்துக்கும் சந்தத்துக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி நம்முடையது. மோனை அமைந்த சீரில் செவி தானே நிற்கும். கண்ணுக்குத் தனி மை வேண்டியதில்லை.

பஞ்சாங்கத்துச் சிவப்பெழுத்தை நாம் குறை கூறோம். அது வெளிப்படையானது; ஏன் சிவந்தது என்பதைச் சிறுவனும் அறிவான். நம் ஐயமெல்லாம் அண்மைக்காலப் பதிப்புகளிலும் திரையெழுத்திலும் காணும் மெல்லிய நிறமாற்றத்தைப் பற்றியதே. ஒரு வரி சற்றே கருத்தும் அடுத்தது சற்றே வெளிறியும் நிற்கும். கூட்டத்தில் வேறுபட்டு நிற்பதே நினைவில் தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலார் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இலேயே காட்டினார். பதிப்பாசிரியர் விரும்பிய வரியைப் புலவரே அழுத்திச் சொன்னதாகக் கற்போன் மயங்குவான். குறளுக்கு இவ்வாறு மை தீட்டுவதும் ஓர் உரையே, பெயரிடாத உரை.

சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் வாழும் நமக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. பள்ளியில் மலையாளம் பயின்று, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை கருத்த வரியோடு நின்றுவிடும். இருமொழி அறிவிப்புகளிலும் இதே இடர் நேரலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடந்தருகிறது. ஆனால், எந்த நிறத்தில் நம் மொழி எழுதப்படவேண்டும் என்பதைச் சட்டமா சொல்லும்? மலையாள வரி கருமையாகவும் தமிழ் வரி சாம்பல் நிறத்திலும் அமைந்தால், சட்டத்தில் பெற்ற இடம் கண்ணில் கிட்டாது. திரையெழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவேனும் வேண்டும் என உலகளாவிய அணுகல் நெறிகள் வரையறுத்துள்ளன. பலகை எழுதுவோர்க்கும் அவ்வளவே போதும்.

பதிப்பாசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: எவ்வரிக்கு எந்நிறம், ஏன் என்பதை முகவுரையில் எழுதுக.