காணோம் என்றால் இல்லை என்று அர்த்தமா?

சாவி தொலைந்தால் நாம் “சாவி இல்லை” என்று சொல்வதில்லை. “சாவியைக் காணோம்” என்கிறோம். ‘இல்லை’ என்பது உலகத்தைப் பற்றிய தீர்ப்பு. ‘காணோம்’ தேடியவர்களைப் பற்றிய தகவல். சொல்லைப் பிரித்தாலே தெரியும். ‘காண்’ என்ற வினையோடு ‘ஓம்’ என்ற தன்மைப் பன்மை விகுதி ஒட்டியிருக்கிறது. தேடிப் பார்த்த ‘நாம்’ அந்தச் சொல்லுக்குள்ளேயே நிற்கிறோம். அதனால்தான் அடுத்த கேள்வி உடனே வருகிறது: எங்க தேடின? லைட்டைப் போட்டுப் பாத்தியா? கட்டிலுக்கு அடியில?

முகப்பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வக அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன: “ஆஸ்பெஸ்டாஸ் கண்டறியப்படவில்லை.” செய்யப்பாட்டு வினை. யார் பார்த்தார், எதை வைத்துப் பார்த்தார், எவ்வளவு பவுடரைப் பார்த்தார் என்ற எல்லாமே வாக்கியத்திலிருந்து விழுந்துவிட்டன. ஆய்வகத்திலிருந்து ‘காணோம்’ என்று கிளம்பிய செய்தி, நிறுவனத்தின் மக்கள்தொடர்புத் துறையைத் தாண்டி வெளியே வரும்போது ‘இல்லை’ ஆகிவிடுகிறது. அரை நூற்றாண்டாக நடக்கும் இந்தச் சின்ன மொழிமாற்றத்தைத்தான் இங்கே வாசித்துப் பார்க்கிறேன். ஒரு கதையில் கதைசொல்லி எதை மறைக்கிறான் என்று பார்ப்போமே, அதே வாசிப்புதான்.

முதலில் பாறை. டால்க் மெக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் 1, அதாவது அந்த அளவுகோலிலேயே மிக மென்மையானது. அது உருவாகும் அதே நிலவியல் சூழலில் டிரெமோலைட், ஆந்தோஃபிலைட் போன்ற ஆம்ஃபிபோல் வகைக் கனிமங்களும் உருவாகலாம். சில இடங்களில் கிரைசோடைலும் சேர்ந்தே கிடக்கும். ஆகவே இது பாலில் தண்ணீர் ஊற்றும் விவகாரம் இல்லை. யாரும் எதையும் கலக்கவில்லை. மலையிலேயே அக்கம்பக்கமாக இருந்தது டப்பாவுக்குள்ளும் அக்கம்பக்கமாக வரக்கூடும். ‘கலப்படம்’ என்று எழுதும் செய்திக் கட்டுரைகள் இங்கேயே வழி தவறிவிடுகின்றன. ஒரு வில்லன் கிடைத்ததும் பாறையை மறந்துவிடுகின்றன.

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ் என்பது ஒரே ஒரு கனிமத்தின் பெயர் இல்லை. சட்டங்கள் பொதுவாக ஆறு கனிமங்களை அந்தப் பெயரில் அடக்குகின்றன. அவற்றை ஒன்றாக்குவது வடிவம். தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: கல்நார். கல்தான், ஆனால் நாராகப் பிரிகிறது. அதே டிரெமோலைட் ஓரிடத்தில் கட்டியாக இருக்கும், இன்னோரிடத்தில் நாராக இருக்கும். கட்டியை அரைத்தால் அதுவும் நீளநீளச் சிம்புகளாக உடையும். மைக்ராஸ்கோப்பில் தெரியும் ஒரு நீளமான துகள் நாரா, உடைந்த சிம்பா? இந்த ஒரு கேள்விக்காக நீதிமன்றங்களில் நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் எண்ணலாம் என்பது ஒரு வரையறை, ஐந்து மடங்கு என்பது இன்னொன்று. எந்த வரையறையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அதே படத்திலுள்ள அதே துகள் அறிக்கைக்குள் வரும், அல்லது வராது.

இனி கருவிகளைப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டால்கில் ஆஸ்பெஸ்டாஸ் பிரச்சினையைக் கையில் எடுத்தது. ஆனால் முகப்பவுடருக்கு என்று கட்டாயச் சோதனை விதி எதுவும் அப்போது வரவில்லை. 1976இல் அழகுசாதன நிறுவனங்களின் கூட்டமைப்பான சி.டி.எஃப்.ஏ. தன் உறுப்பினர்களுக்கென்று ஒரு சோதனை முறையை வெளியிட்டது. பெயர் ஜே4-1. முதல் படி எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன்: பவுடர்மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, அது சிதறும் கோணங்களை வைத்து என்னென்ன படிகங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. இந்த முறை ஆம்ஃபிபோலை 0.5 சதவீத அளவில்தான் பிடிக்கும். அங்கே சிக்னல் வந்தால் மட்டும் இரண்டாம் படியான ஒளி மைக்ராஸ்கோப்புக்குப் போக வேண்டும். வராவிட்டால் சோதனை முடிந்தது. கூர்மையான கண்ணை, மங்கலான கண்ணுக்குப் பின்னால் உட்கார வைத்த ஏற்பாடு. தவிர, அது தேடியது ஆம்ஃபிபோலை மட்டும். கிரைசோடைல் தேடப்படும் பட்டியலிலேயே இல்லை.

0.5 சதவீதம் என்றால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 5 மைக்ரான் நீளம், 0.2 மைக்ரான் விட்டமுள்ள ஒரு நார். அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் மூன்று மடங்கு. பெருக்கிப் பார்த்தால் அதன் எடை ஒரு கிராமில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடியில் ஒரு பங்கு. இப்போது ஒரு பவுடரில் 0.4 சதவீதம் இப்படிப்பட்ட நார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமில் சுமார் எண்ணூறு கோடி நார்கள். அந்தப் பவுடர் ஜே4-1இன் முதல் படியிலேயே பாஸாகி வெளியே போய்விடலாம், அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியோடு. எல்லா நார்களும் ஒரே அளவில் இருக்காது, எனவே இது தோராயக் கணக்குதான். ஆனால் பிரச்சினையின் உருவம் இதில் தெரிகிறது. கருவி அளப்பது எடையை. நுரையீரல் எதிர்கொள்வது எண்ணிக்கையை. ‘0.5 சதவீதத்துக்குக் கீழே’ என்ற சொற்றொடர் ஒன்றின் மொழியில் பேசி மற்றதன் கேள்விக்குப் பதில் சொன்னதாகக் காட்டிக்கொள்கிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருப்பதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது. எழுதிய டெஸ்டுகள் தேடிய பிழைகள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். டெஸ்டை எழுதியவரும் புரோகிராமை விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தப் பச்சை நிறத்தை இன்னும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்போம்.

இன்னும் நன்றாகத் தேட முடியாதா? முடியும். டால்கைவிட ஆம்ஃபிபோல் அடர்த்தி அதிகம். இரண்டுக்கும் இடைப்பட்ட அடர்த்தியுள்ள திரவத்தில் பவுடரைக் கலக்கிச் சுழற்றினால் டால்க் மேலே நிற்கும், ஆம்ஃபிபோல் அடியில் தங்கும். அரிசி களைந்து கல்லைத் தனியாக எடுப்பது மாதிரி. பிறகு அடியில் தங்கியதை மட்டும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிஸ் பிளவுன்ட் இந்த வழியில் அழகுசாதன, மருந்துத் தரமுள்ள டால்குகளைச் சோதித்து 1991இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஆனால் இப்படிச் செறிவாக்கிப் பார்க்கும் யோசனை 1970களிலேயே ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்குள் பேசப்பட்டிருக்கிறது. அதைச் சோதனை முறையில் சேர்ப்பது நிறுவனத்தின் நலனுக்கு உகந்ததில்லை என்று முடிவெடுத்த உள்கடிதம் வழக்குகளின் வழியாக வெளியே வந்தது. 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட விரிவான புலனாய்வு இதுபோன்ற ஆவணங்களின் மேல் கட்டப்பட்டதுதான். தன் ஆவணங்கள் திரித்து வாசிக்கப்படுகின்றன, தன் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

அந்தக் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்வது பொய் இல்லை. பொய்யே தேவைப்படாத ஒரு நிலைமை. எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டால், அதற்குப் பிறகு ஆயிரம் ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதினாலும் ஒவ்வொன்றும் உண்மை. ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் நேர்மையானவராகவே இருக்கலாம்.

இதை வைத்து, நவீனமான கருவி சொன்னால் அதுவே வேதவாக்கு என்று போய்விடவும் கூடாது. மேலே சொன்ன திரவ முறைக்கே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: கிரைசோடைல் டால்கைவிட லேசானது, அடியில் தங்காது. இப்போது இருப்பதில் கூர்மையான கருவி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், டெம் என்பார்கள். ஒளி மைக்ராஸ்கோப்பால் பார்க்கவே முடியாத மெல்லிய நாரை அது படம் பிடிக்கும். வேதிக் கட்டமைப்பையும் படிக அமைப்பையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் அது ஒரே நேரத்தில் பார்ப்பது மிகமிகக் கொஞ்சம் பவுடரை. ஒன்றிரண்டு நார்கள் கண்ணில் பட்டால் அதுவே முடிவைத் தீர்மானித்துவிடும்.

2019 அக்டோபரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இணையக் கடை வழியே வாங்கிய ஒரு ஜான்சன்ஸ் பேபி பவுடர் டப்பாவில், அதற்காகச் சோதனை செய்த ஆய்வகம் கிரைசோடைல் கண்டது. அளவு 0.00002 சதவீதத்துக்கு மேல் இல்லை. நிறுவனம் அக்டோபர் 18 அன்று அந்த லாட்டின் சுமார் 33,000 டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. பதினொரு நாள் கழித்து, தான் அமர்த்திய ஆய்வகங்கள் அதே டப்பாவைச் சோதித்ததில் எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பிலேயே ஒரு துணைக்கதை. ஒரு ஆய்வகத்தில் முதலில் சில மாதிரிகளில் ஆஸ்பெஸ்டாஸ் தெரிந்திருக்கிறது. தேடிப் போனால், மாதிரி தயாரித்த அறையிலிருந்த நகரும் ஏ.சி. இயந்திரத்திலிருந்து வந்தது என்று சொன்னார்கள். வேறு அறையில் மறுபடி செய்தபோது இல்லை.

இந்த இரண்டு அறிக்கைகளையும் நம் பத்திரிகைகள் ‘யார் சொல்வது உண்மை’ என்ற போட்டியாகவே எழுதின. ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரு டப்பாவின் ஒரு சிட்டிகையில் இருப்பது அடுத்த சிட்டிகையில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ‘கண்டோம்’ என்ற சொல்லிலும் அதே ‘ஓம்’ இருக்கிறது. யார் கண்டார்கள், எந்த அறையில், அறை சுத்தமா என்று கேட்பது அங்கேயும் நியாயம். அதே சமயம் 0.00002 சதவீதத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று சிரிக்கவும் முடியாது. முந்தைய கணக்கின்படி அது கிராமுக்குச் சுமார் நான்கு லட்சம் நார்கள்.

இந்த வகை அறிக்கைகளில் நேர்மையான வரி இல்லாமலில்லை. 2009-10இல் அதே நிர்வாகம் ஒரு சோதனை நடத்தியது. டால்க் வழங்கும் ஒன்பது நிறுவனங்களிடம் மாதிரி கேட்டார்கள், நான்கு பேர் மட்டும் அனுப்பினார்கள். கடையில் வாங்கிய 34 பொருட்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் தென்படவில்லை. கூடவே அவர்களே எழுதினார்கள்: மாதிரிகள் குறைவு, எல்லா நிறுவனங்களும் தரவில்லை, ஆகவே அமெரிக்காவில் விற்கும் எல்லா டால்க் பொருட்களும் ஆஸ்பெஸ்டாஸ் அற்றவை என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. அரசு அலுவலக நடைதான், அலங்காரம் கிடையாது. ஆனால் ‘காணோம்’ என்பதை ‘காணோம்’ என்றே விட்டுவைத்த வரி அது. பின்னால் அந்தச் சோதனையை மேற்கோள் காட்டியவர்களில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. ராய்ட்டர்ஸ் செய்தி வந்ததும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பேபி பவுடர் தொழிற்சாலைகளிலிருந்து மாதிரிகள் எடுத்தார்கள். 2019 பிப்ரவரியில், அரசு ஆய்வகங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்ததால் உற்பத்தியை மறுபடி தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது. ஒரே நாள் செய்தி. அதைப் படித்து நிம்மதியானவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் கருவி, எவ்வளவு வரைக்கும் பார்க்கும்?

சாதாரணமாக ஒரு மோசமான சோதனையின் குட்டு சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். பாலம் சரியும், சர்வர் படுத்துவிடும். கல்நாரில் அப்படி நடப்பதில்லை. மீசோதீலியோமா என்ற புற்றுநோய், நார்கள் உள்ளே போய் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. 1976இல் ஒரு முறையை வகுத்தவர், அது தவறிய இடத்தைத் தன் பணிக்காலத்தில் பார்க்கவே மாட்டார். நோய் வரும்போது டப்பா இருக்காது, ரசீது இருக்காது. ஞாபகம் மட்டும் இருக்கும். நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழும். 2018இல் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி ஒன்று, சினைப்பைப் புற்றுநோய் வந்த 22 பெண்களின் வழக்கில் ஜான்சன் அண்ட் ஜான்சன் 469 கோடி டாலர் தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் அது பாதிக்கும் கீழே குறைந்தது. சோதனைக்கூடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நாற்பது வருடம் தாமதமாக நீதிமன்றம் கேட்டதற்கான விலை அது.

2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுக்கவும் அந்த நிறுவனம் டால்க் பேபி பவுடரை நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. சோதனை விதியின் கதை முடியவில்லை. 2022 இறுதியில் வந்த சட்டம், டால்குக்கு ஒரு கட்டாயச் சோதனை முறையை வகுக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் ஒளி மைக்ராஸ்கோப், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இரண்டையும் கட்டாயமாக்கும் வரைவு வந்தது. 2025 நவம்பரில் அந்த வரைவு திரும்பப் பெறப்பட்டது.

விதி வரட்டும், வராமல் போகட்டும். வாசகராக நாம் கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது: அந்த ஒரு வரி அறிக்கையை முழு வாக்கியமாக எழுதச் சொல்வது. “இந்த டப்பாவிலிருந்து இத்தனை மில்லிகிராம் எடுத்தோம். இந்தக் கருவியில் இந்த அளவு பரப்பைப் பார்த்தோம். இதைவிடச் சிறியதும், இதைவிடக் குறைவானதும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இந்த வடிவத்தில் இருப்பதை மட்டுமே நார் என்று எண்ணினோம். இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தவர் இன்னார். நாங்கள் பார்த்த வரையில் காணோம்.” இதை டப்பாவில் அச்சிட இடம் இருக்காது என்பார்கள். ‘தூய்மையானது’ என்று போட்டிருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.