கையெழுத்தும் தலையெழுத்தும்

"கையெழுத்து அழகா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று அம்மா சொல்வார். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. அதனால் தலையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல்தான் வளர்ந்தேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது கணக்கு மாறியது. இயந்திரப் பராமரிப்பு பற்றி இருபது நிமிடம் கேட்டுவிட்டு, கோடு போடாத வெள்ளைத் தாளை நீட்டினார்கள். "உங்களைப் பத்தி ஒரு பக்கம், கையால எழுதுங்க. கையெழுத்தைப் பார்ப்போம்."

வேலை கிடைக்கவில்லை. அதற்கு அந்தத் தாள்தான் காரணமா, தெரியாது. அதை யார், எப்படி வாசித்திருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் விடவில்லை.

கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதற்கு கிராஃபாலஜி என்று பெயர். 1870களில் பிரான்சில் மிஷோன் என்ற பாதிரியார் அதைப் பிரபலமாக்கினார். பிறகு அந்நாட்டு நிறுவனங்கள் ஆள் எடுக்கவும் அதைப் பிடித்துக்கொண்டன. எழுத்து வலப்பக்கம் சாய்ந்தால் ஒரு குணம், 'டி'யின் குறுக்குக்கோடு மேலே போனால் இன்னொரு குணம். எல்லாமே ரோமன் எழுத்தை வைத்துக் கட்டிய விதிகள். தமிழ்ப்பள்ளியில் 'அ'வைச் சுழித்துப் பழகி, பிறகு மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் போன கையை அவை எப்படி அளக்கும்?

1989இல் நெட்டர், பென்-ஷகார் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எழுதியவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் தாள் என்றால், கிராஃபாலஜியே தெரியாத உளவியலாளர்கள் நிபுணர்களைவிடக் குறைவாகக் கணிக்கவில்லை. சொந்த விஷயம் எதுவும் இல்லாத தாள் என்றால், நிபுணர்களின் கணிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அப்படியானால் அவர்கள் வாசித்தது கோடுகளை இல்லை, கதையை. நம்மைப் போன்ற வாசகர்கள்தான், ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். நம் விமர்சகர் தவறாக வாசித்தால் மறுத்து எழுதலாம். இந்த விமர்சனமோ கோப்புக்குள் கிடக்கிறது.

நீதிமன்றமே கையெழுத்து நிபுணரை நம்புகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நம் 1950 சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஏற்பது, கையெழுத்து யாருடையது, உண்மையானதா என்பது பற்றிய நிபுணர் கருத்தை. எழுதியவர் சோம்பேறியா, நம்பத்தக்கவரா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த மரியாதையை இரண்டாவது கேள்வி கடன் வாங்கி நடமாடுகிறது.

2013 நவம்பரில் அமலுக்கு வந்த தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல வரையறை இருக்கிறது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லும் கருத்தும் அவருடைய தரவுதான். என் கோப்பில் "நிதானமில்லாதவர்" என்று யாரோ எழுதியிருந்தால் அந்தச் சொல்லும் என் தரவு. எதற்காகத் திரட்டுகிறோம் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும், தேவைக்கு மேல் திரட்டக் கூடாது, கேட்டால் பொதுவாகக் காட்ட வேண்டும். கை நடுக்கத்தையோ டிஸ்லெக்சியாவையோ பார்த்து உடல்நலம், மனநலம் பற்றிக் குறித்துவைத்தால், அதற்குப் பாதுகாப்பு இன்னும் கடுமை.

ஓட்டையும் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு, பாகுபாட்டுப் புகார்களைத் தொழிலாளர் துறை விசாரிக்க வழி செய்கிறது. ஆனால் அது பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு பற்றி. வேலை தேடி வாசலில் நிற்பவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். கிராஃபாலஜியின் தாய்வீடான பிரான்சிலேயே, 1992 சட்டத்துக்குப் பிறகு, தேர்வு முறையை விண்ணப்பதாரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த முறை வேலைக்குப் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும். நமக்கும் அந்த இரண்டு வரி போதும்.

என்னைப் பற்றிய குறிப்பைக் காட்டச் சொல்லி அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக வரைவிலேயே கிடக்கிறது. எங்கள் துறை சின்னது. 'வம்பு பிடிச்ச பையன்' என்று பேர் பரவ ஒரு வாரம் போதும். அந்தப் பேரை எழுத யாருக்கும் என் கையெழுத்து தேவைப்படாது.