இடி பாவம்!

தமிழில் மின்னலைப் போல அதிர்ஷ்டக்காரச் சொல் குறைவு. கதாநாயகியின் இடை மின்னல். சிரிப்பும் மின்னல். ஹீரோ வருவது மின்னல் வேகத்தில். முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்தினால்கூட 'மின்னல் வேலைநிறுத்தம்' என்று ஓர் அந்தஸ்து. மின்சாரம், மின்னணு, மின்னஞ்சல் என்று புது யுகமும் 'மின்' பக்கம்தான்.

கூடவே பிறந்த இடியைப் பாருங்கள். துயரச் செய்தி என்றால் பேரிடி. விலைவாசி ஏறினால் தலையில் இடி. குழாயடிச் சண்டையில், 'உன் தலையில இடி விழ!' யாராவது 'மின்னல் விழ' என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

நான் பி.காம். படித்தவன். இது கணக்கை மாற்றி எழுதிய கேஸ். வரவெல்லாம் மின்னல் பெயரில், பற்றெல்லாம் இடி பெயரில்!

உண்மை என்ன? மின்னல் பாயும்போது அதன் பாதையில் உள்ள காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. அந்தக் காற்று சட்டென்று விரிவதால் வரும் சத்தம்தான் இடி. சத்தம் எப்படி 'விழும்'? கொல்வது மின்னல், பழி இடிக்கு. 'இடிதாங்கி' என்கிறோமே, அந்தக் கம்பி தாங்குவதும் மின்னலைத்தான். இடியைத் தாங்கக் காதைப் பொத்தினால் போதும்.

சொல்லில்தானே தப்பு என்று விட்டுவிட முடியவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். பெரும்பாலும் வயற்காட்டில் நிற்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள். சில நாளிதழ்கள் இப்போது 'மின்னல் தாக்கி' என்று போடுகின்றன. நல்லது. 'இடி விழுந்து பலி' என்று இன்னும் எழுதுகிறவர்கள், சத்தத்துக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்து, வெளிச்சத்தை ரசிக்க விட்டுவிடுகிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இடி நம் கூர்க்காவின் விசில். மின்னல் தெரிந்து மூன்று விநாடியில் சத்தம் கேட்டால், அது ஒரு கிலோமீட்டர் தொலைவில் இறங்கியிருக்கிறது. எவ்வளவு தாமதமாகக் கேட்டாலும் சரி, காதில் விழுந்துவிட்டால் அடுத்த மின்னலின் எல்லைக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். மரத்தடி வேண்டாம். கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் இருங்கள்.

இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்வார்களே, தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நின்று சொல்லுங்கள்.