கண்ணைப் பொத்திய கை

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தட்டைத் தலையும் கழுத்தில் ஆணியும். அது 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்துக்காக ஜாக் பியர்ஸ் போட்ட ஒப்பனை. 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலில் அந்த ஆணி கிடையாது. அந்த ஊமைத்தனமும் கிடையாது. பெயரில்லாத அந்தப் படைப்பு அங்கே பேசுகிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்துவிட்டு, தன்னைப் படைத்த விக்டரிடம் நியாயம் கேட்கிறது. (‘அது’ என்று எழுத மனசு வரலை. இனி அவன்.) படம் முதல் வேலையாக அவன் வாயைப் பிடுங்கிக்கொண்டது.

இதைச் சித்திர நாவலாக்குகிறவர்கள் எந்தச் சம்பவத்தை வைப்பது, எதை வெட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளலாம். சிக்கல் அங்கே இல்லை, பார்வையில் இருக்கிறது. நாவலில் அவனிடம் பரிவோடு பேசுகிற ஒரே மனிதர் டி லேசி என்ற கிழவர். அவருக்குக் கண் தெரியாது. மகன் ஃபீலிக்ஸ் வருகிறான், பார்க்கிறான், தடியால் அடிக்கிறான். எழுத்தைப் படிப்பவர் கிழவரின் இடத்தில் இருக்கிறார். சித்திரம் பார்ப்பவரோ ஃபீலிக்ஸின் இடத்தில். பலூனுக்குள் இருப்பதைப் படிக்கும் முன்பே முகத்துக்குத் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

பெர்னி ரைட்சன் இதைத் தாண்டியது ஒரு விதத்தில் தப்பித்தல்தான். 1983இல் மார்வெல் வெளியிட்ட பதிப்பில் நாவலின் பிரதி முழுசாக இருக்கிறது. பேனா ஓவியங்கள் தனிப் பக்கங்களில். ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குடுவைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். குரலும் பிழைத்தது. ஆனால் கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் சவாலை அவர் ஏற்கவில்லை.

வழி நாவலுக்குள்ளேயே கிடக்கிறது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும் கதை அது. விக்டர் சொல்லும் பகுதியில் முகம் எவ்வளவு கோரமாகவும் இருக்கட்டும், அது விக்டரின் சாட்சியம். அவன் சொல்லும் பகுதியில் அவனை ஏன் வெளியிலிருந்து வரைய வேண்டும்? சுவர் இடுக்கு வழியாக அவன் பார்த்த குடும்பத்தை வரையலாம். அந்நியப் பெண் சஃபிக்கு ஃபீலிக்ஸ் பாடம் சொல்லித்தர, அதை ஒளிந்திருந்து இவனும் கற்றுக்கொள்வதை வரையலாம். குட்டைத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து அவனே பயந்து பின்வாங்கும் இடம் வரை அவன் முகமே வர வேண்டியதில்லை.

பனியாற்றின் மேல் சந்திக்கும்போது, கண்முன் நிற்காதே என்கிறான் விக்டர். இவன் தன் கைகளால் விக்டரின் கண்களைப் பொத்துகிறான். ஒரு முழுப் பக்கக் கருப்புக் கட்டம், அதில் பேச்சு மட்டும்.

உடம்பை மறைத்தால்தான் காது கொடுப்பீர்களா என்று தோழர்கள் கேட்பார்கள். சரியான கேள்விதான். அது மேல் கை போடும் நிபந்தனை. விக்டர் அந்தக் கைகளைத் தட்டி எறிகிறான் இல்லையா, அப்போது பக்கத்தைத் திருப்பினால் அதே முகம், ஒரு கோடும் மென்மையாக்கப்படாமல், இருக்க வேண்டும்.