எல்லீசர் தாள்களுள் எஞ்சியவை

எல்லீசர் எனத் தமிழர் போற்றும் பிரான்சிசு வைட்டு எல்லிசு, சென்னையில் தண்டலாளராய் விளங்கி 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தார். தமிழில் செய்யுள் யாத்தவர், பழஞ்சுவடி ஆய்ந்தவர் என்பது அவர்தம் புகழ். அவர் விட்டுச்சென்ற தாள்களுட் பல மதுரைத் தண்டலாளர் இல்லச் சமையலறையில் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று வால்ட்டர் எலியட்டு எழுதினார். எலியட்டு தேடித் தொகுத்தவை போப்பையர் வழியே ஆக்சுபோர்டு பாட்லியன் நூலகம் சேர்ந்தன.

எஞ்சியவை துணுக்குகளே என ஒதுக்குதல் பொருந்தாது என்பது எம் கருத்து. காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு அவர் 1816-இல் வரைந்த முன்னுரை, தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்களையும் சொற்களையும் தொடரமைப்பையும் ஒப்பிட்டு, இவை வடமொழியிற் பிறந்தன அல்ல என நிறுவுகின்றது. கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளிவந்ததோ 1856-இல். தாள்கள் எரிந்தமையால் முன்னோடியின் பெயரும் மங்கிற்று.

எனினும் அம்முடிபு அவர் ஒருவர் உழைப்பாற் கிடைத்ததன்று. பட்டாபிராம சாத்திரியாரின் தெலுங்கு வேர்ச்சொல் தொகுப்பு அதற்கு அடிப்படையாயிற்று; மிராசுரிமை ஆய்விற்குச் சங்கரய்யர் துணைநின்றார். எஞ்சிய தாள்கள் ஒருவர் பெருமையை மட்டுமன்றி, ஒரு கூட்டு முயற்சியையும் காட்டுகின்றன.

முற்றுப்பெறாத குறளுரை முதல் 13 அதிகாரங்களோடு நின்றது. ஆயினும், தமிழ்ச் செய்யுட்களை மேற்கோளாகக் கொண்டு குறளை விளக்கும் அவ்வுரை, செவிவழி வழங்கும் தனிப்பாடல்களினும் உறுதியான சான்றாம். ஆகலின் கவிஞர் என்பதினும் ஆய்வாளர் என்பதே அவர்க்கு நிலைத்த பெயர்.

மூலனூர் போலும் ஊர்களிற் பரண்மேற் கிடக்கும் ஏடுகளுக்கும் அடுப்பு தொலைவில் இல்லை. அவற்றைப் பட்டியலிடுதல் நம் முதற்கடன்.