பூங்காவில் அரை மணி, ஊரில் ஒரு ராத்திரி

1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளைச் சோழர் வம்சாவளிக்காகவே பெரும்பாலும் புரட்டுகிறோம். அவற்றை வெட்டிய காரணம் வேறு. பக்கத்துப் பழையனூரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவுசெய்யத்தான் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை எழுதப்பட்டன. ஐந்து சபைகளில் இரத்தின சபையான இத்தலத்துக்கு அரசன் ஒரு விழா எடுத்துவிட்டுப் போகவில்லை. வருடா வருடம் விளைந்து வரும் வரும்படியை எழுதிவைத்தான். அந்த வரும்படி கோயிலோடு நின்றது, தெருவுக்கு வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கலைக்கு அரசு எப்படிக் கைகொடுக்க வேண்டும் என்று பேசும்போது விழாவுக்கும் வரும்படிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தவறவிடக் கூடாது.

இன்றைய அரசின் வழி விழா வழி. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. பூங்கா, கடற்கரை, தெருமுனை என்று மாநகரம் முழுக்கக் கிராமியக் கலைஞர்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஆட்சி மாறிய 2011க்குப் பிறகு நின்றுபோனது. 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சாவு வீட்டோடு ஒதுக்கிவைத்த பறையைப் பூங்காவில் நடக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள், பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். டிக்கெட் இல்லை, சபா உறுப்பினர் அட்டை இல்லை. கலைஞனுக்கு அரசு கொடுக்கும் சம்பளத்தோடு ஒரு நிமிர்வும் கிடைத்தது. மாநகரவாசிக்கும் லாபம்: நடைபாதையும் பூங்காவும் சில நாளாவது பொது இடமாகவே இருந்தன.

குறை எங்கே என்றால், அந்த மேடையின் கடிகாரத்தில். கரகம், ஒயில், சிலம்பம், பறை எல்லாம் கால் மணி, அரை மணிக்குள் தங்களைச் சுருக்கிக்கொள்ளும். தெருக்கூத்துக்கு அது ஆகாது. கட்டியங்காரன் வந்து சபையைக் கலகலப்பாக்கி, திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் பாடிக்கொண்டே வெளிப்பட்டு, அடவு போட்டு, பிறகு தர்க்கம் சூடுபிடிக்கவே நடுநிசி ஆகிவிடும். திரௌபதி துச்சாதனனிடம் நியாயம் கேட்கும் இடத்தை அரை மணியில் முடித்தால் மிஞ்சுவது கட்டையும் புஜகீர்த்தியும் சுழற்சியும்தான். பார்த்தவர்கள் படம் பிடிக்கிறார்கள். கதை கேட்டவர் யாருமில்லை. இப்படியே பத்து வருடம் போனால், மேடைக்காகவே சுருக்கிய கூத்துதான் கூத்து என்று அடுத்த தலைமுறை நினைத்துக்கொள்ளும்.

விருதுகளையும் உதவித்தொகையையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாகப் பட்டம் தருகின்றன. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் உண்டு. எல்லாமே வேண்டியவை. ஆனால் இவை ஆளைத் தாங்குகின்றன, ஆட்டத்தைத் தாங்கவில்லை. நலிந்தபின் உதவுவதைவிட நலியாமல் ஆடவைப்பது மலிவு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லிவிடுவார்.

சுருக்காத கூத்து இன்னும் உயிரோடு இருப்பது திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில். வெயில் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுதல், கடைசியில் படுகளமும் தீமிதியும். ஊர் தலைக்கட்டு வரி போட்டு, உபயதாரர் பிடித்து, கூத்துக் குழுவான ஜமாவுக்குத் தாம்பூலம் கொடுக்கிறது. இந்தப் பொருளாதாரத்தில் அரசின் காசு ஒன்றும் இல்லை. அரசு அங்கே வருவது பெரும்பாலும் போலீஸ் அனுமதியாகத்தான்.

ஒலி மாசு விதிகள், 2000, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. கலை, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். கூத்து களைகட்டுவதே அதற்குப் பிறகு. ஆகவே விடியவிடிய ஆடும் ஒவ்வொரு ஜமாவும் ஏதோ ஓர் அதிகாரியின் நல்ல மனசை நம்பித்தான் ஆடுகிறது. சட்டத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ காக்களூர் சிட்கோவுக்கோ காலை ஷிப்டுக்குப் போகிறவர் தூங்கியாக வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்குப் பகல்நேரப் பிரசங்கத்தின் குழாய் ஸ்பீக்கர் இன்னும் பெரிய இம்சை. வாழத் தகுந்த ஊர் என்பதில் தூக்கமும் சேரும், கூத்தும் சேரும். இரண்டையும் பொருத்திவைக்கும் வேலை காவல் நிலையத்தின் வேலை இல்லை, ஊராட்சியின் வேலை: வீடுகளுக்குத் தள்ளிக் கூத்தாட ஒரு நிரந்தரக் களரித் திடல், சபையைப் பார்த்து மட்டும் வைத்த சிறு ஒலிப்பெட்டி, முன்கூட்டியே அறிவித்த நாட்கள், தெருவிளக்கு, பெண் கலைஞர்கள் உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை. கம்பெனிகள் வந்தபின் மனை விலை ஏறி, புறம்போக்கில் இருந்த திடல்கள் சுருங்கிக்கொண்டே வருவதால் திடலைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

இதற்கு ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா? அரசமைப்பின் 11ஆம் அட்டவணை கிராம ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் 21ஆவதாகக் கலாசார நடவடிக்கைகளைச் சொல்கிறது. நகராட்சிகளுக்கும் 12ஆம் அட்டவணையில் அதே பொருள் உண்டு. எழுத்தில் இருக்கிறது, ஒதுக்கீட்டில் இல்லை. பணத்துக்கு முன்மாதிரி நம்மிடமே கிடக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வீட்டுவரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்க வைத்தது. தமிழ்நாடெங்கும் கிளை நூலகங்கள் நிற்பது அந்தச் சில்லறையில்தான். அதன் கோளாறும் தெரிந்ததுதான்: வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் கட்டாமல் பாக்கி வைப்பது. கலைக்கும் அப்படி ஒரு சிறு வரி வந்தால், வசூலித்த ஊரிலேயே அது செலவாக வேண்டும் என்று விதி எழுதினால் போதும்.

வரிக்கு முன்பே இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் 7ஆம் அட்டவணையில் மரபுக் கலைகளின் வளர்ச்சியும் பெயரிட்டே இருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமையும் கொடுக்கச் சொல்கிறது. சிப்காட் வளாகங்கள் நிறைந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு நாலைந்து களரித் திடல் கட்டுவது ஒரு பெரிய காரியமா?

ஊர் கையில் கொடுத்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நம்பவில்லை. தலைக்கட்டு வரியில் காலனியைச் சேர்த்துக்கொள்ளாத ஊர்கள் இருக்கின்றன. சேர்த்தால் பாத்தியதை கேட்பார்களே என்ற பயம்தான் காரணம். விடுதலையான பொது மேடையைப் பறைக்குக் கொடுத்தது மாநகரம்தான், கிராமம் இல்லை. அந்த வகையில் சென்னை சங்கமத்துக்குக் கிராமம் கடன்பட்டிருக்கிறது. ஆகவே அரசுப் பணம் தொடும் எந்தக் களரியும் எல்லாத் தெருவுக்கும் பொது என்பது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். மறுக்கும் ஊருக்குப் பணம் கிடையாது. இதைத் துணிந்து எழுதாத எந்தத் திட்டமும் பழைய வரும்படியைப் போலவே ஒரு வாசலோடு நின்றுவிடும்.

சங்கமம் தொடரட்டும். அதன் செலவில் ஒரு பங்கையாவது கூத்துக் காலத்தில் ஊர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் மே 1 கூட்டம் சரியாகக் கூத்துக் காலத்தில் வருகிறது. திருவாலங்காடு ஒன்றியத்து வாசகர்களே, அன்று குடிநீருக்கும் சாலைக்கும் தீர்மானம் எழுதிய பிறகு, களரித் திடலுக்கும் ஒரு தீர்மானம் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.